க்ளீவ்: பிளப்பதா, ஒட்டுவதா?

பிழைதிருத்தி

மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இரண்டு வரிகள். மூலத்தில் "ஷீ க்ளீவ்டு டு ஹெர் ஃபெய்த்" என்று இருப்பது தமிழில் "அவள் தன் நம்பிக்கையை உடைத்தெறிந்தாள்" என்று வந்திருக்கிறது. அடுத்த பக்கத்தில் "தி ஆக்ஸ் க்ளீவ்டு தி லாக்". அதற்குத் தமிழ் "கோடரி கட்டையைப் பிளந்தது". இரண்டாவதில் சிக்கல் இல்லை. முதலாவது தலைகீழாகப் போய்விட்டதோ என்று சந்தேகம்.

கையில் உள்ள சிறிய ஆங்கிலம்–தமிழ் அகராதி "பிள, வெட்டு, ஒட்டிக்கொள், பற்றி நில்" என்று நான்கையும் ஒரே வரியில் கொட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஒரே சொல் எப்படி இரண்டு எதிர்ப் பொருளைத் தாங்கும்? எந்த இடத்தில் எது என்று தெரிந்துகொள்ள ஏதாவது பிடிமானம் உண்டா? இறந்தகாலம் க்ளீவ்டா, க்ளோவா, க்ளெஃப்டா? மூன்றையும் அச்சில் பார்க்க முடிகிறது.

வேர்க்கிழங்கு

முதல் வரியின் தமிழ் தவறுதான். "அவள் தன் நம்பிக்கையை விடாமல் பற்றி நின்றாள்" என்று இருக்க வேண்டும்.

அகராதிக்காரர் இரண்டு சொற்களை ஒரு கூண்டில் அடைத்துவிட்டார், அதுதான் குழப்பம். பழைய ஆங்கிலத்தில் பிளப்பதற்கு "க்ளேஒவன்", ஒட்டுவதற்கு "க்ளிவியன்". (இரண்டையும் எஃப் போட்டுத்தான் எழுதினார்கள். இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் எஃப்பை வி மாதிரி ஒலிப்பது அன்றைய வழக்கம்.) பிளக்கிற சொல் நடுவில் உள்ள உயிரை மாற்றி இறந்தகாலம் காட்டும் வகை, அதன் எச்ச வடிவம் "க்ளோவென்". ஒட்டுகிற சொல் பின்னால் விகுதி சேர்த்து "க்ளிவோடே" என்று போகும் வகை. அதனால் அன்றைக்கு யாருக்கும் குழப்பம் வந்திருக்காது.

தமிழில் வைத்துப் பாருங்கள். "தொடு" என்ற ஏவல் ஒன்றுதான். "தொட்டான்" என்றால் கை பட்டது, "தொடுத்தான்" என்றால் பூவோ அம்போ. இறந்தகாலம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது. அந்த வேலி சரிந்தால் என்ன ஆகும்? ஆங்கிலத்தில் அது சரிந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் முதல் சொல்லின் "ஏஒ" என்ற கூட்டொலி வெறும் "ஏ" ஆனது. இரண்டாவது சொல்லின் குறில் இகரம் நீண்டு அதே "ஏ"யில் வந்து விழுந்தது. விகுதிகளும் தேய, இரண்டும் "க்ளேவென்" ஆகிவிட்டன. பிறகு நெடில்கள் ஒட்டுமொத்தமாக இடம் மாறிய காலத்தில் இரண்டும் சேர்ந்தே "க்ளீவ்" ஆயின. அதற்குள் இறந்தகால வடிவங்களும் ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவத் தொடங்கிவிட்டன.

இவை இரண்டு சொற்கள் என்பதற்கு உறவு மொழிகளே சாட்சி. டச்சில் பிளப்பது "க்லீவன்", ஒட்டுவது "க்லேவன்". ஜெர்மனில் பிளப்பது "க்லீபன்" (இன்று வட்டார வழக்கு), ஒட்டுவது "க்லேபன்". ஸ்வீடிஷில் பிளப்பது "க்லீவா", பிசுபிசுவென்று ஒட்டுவது "க்லிப்பா". ஆங்கிலத்தில் மட்டும்தான் இரண்டும் மோதிக்கொண்டன.

இன்னும் கீழே போனால், இந்த மொழிகளுக்கெல்லாம் மூதாதையாகக் கருதப்படும் மூல இந்தோ-ஐரோப்பிய மொழியின் வேர்களும் வேறு வேறு. பிளக்கும் சொல்லின் வேர் "க்ளெயுப்": வெட்டு, உரி. கிரேக்கத்தில் செதுக்குவதைக் குறிக்கும் "க்ளூஃபெயின்" இதன் பங்காளி. கல்லில் செதுக்கிய எழுத்தான ஹைரோக்ளிஃப், கணினி எழுத்துருவில் வரும் க்ளிஃப் எல்லாம் அந்த வழி. ஒட்டும் சொல்லின் வேர் "க்ளெய்": பிசுக்கு. களிமண்ணைக் குறிக்கும் "க்ளே", லத்தீன் வழியாக வந்த "க்ளூ" என்ற பசை, இரண்டும் இந்தக் குடும்பம்.

ஓரக்குறிப்பு

> ஹைரோக்ளிஃப் க்ளீவுக்குப் பங்காளி

இதை எதிர்பார்க்கவில்லை. அப்படியானால் பூண்டுப் பல்லுக்கும் கிராம்புக்கும் ஆங்கிலத்தில் "க்ளோவ்" என்கிறார்களே, அவையும் இந்த வம்சமா? கசாப்புக் கத்திக்கு க்ளீவர் என்ற பெயரும் இதிலிருந்துதானே?

வேர்க்கிழங்கு

பூண்டுப் பல் ஆம், கிராம்பு இல்லை. பூண்டு பல் பல்லாகப் பிளந்து நிற்பதால் பழைய ஆங்கிலத்தில் "க்ளுஃபு". பிளக்கும் க்ளீவின் நேர் உறவு. கிராம்பு வந்தது பிரெஞ்சிலிருந்து: "க்ளூ" என்றால் ஆணி, லத்தீனில் "க்ளாவுஸ்". காய்ந்த மொட்டைப் பார்த்தால் தலையுள்ள சின்ன ஆணி போலவே இருக்கும். ஒரே எழுத்து, ஒரே ஒலி, ஒரே அஞ்சறைப்பெட்டி, ஆனால் சொந்தம் கிடையாது.

கசாப்புக் கத்தியான க்ளீவர் பிளக்கும் பக்கம். ஆனால் கடைசியில் எஸ் சேர்த்து "க்ளீவர்ஸ்" என்றால் அது ஒரு செடி, தாவரவியலில் கேலியம் அபரைன். தண்டு, இலை, காய் எல்லாவற்றிலும் கொக்கி போல வளைந்த நுண்மயிர்கள் உண்டு; பக்கத்தில் போனால் துணியில் அப்பிக்கொள்ளும். அது ஒட்டும் பக்கத்துச் சொல். கத்தியையும் செடியையும் ஓர் எழுத்துதான் பிரிக்கிறது.

கம்பத்தில் கயிறு கட்டும் "க்ளோவ் ஹிட்ச்" என்ற முடிச்சும் பிளக்கும் பக்கம்தான். முடிச்சின் ஒரு பக்கம் கயிறு இரண்டு இணைகோடுகளாகப் பிரிந்து தெரிவதால் அந்தப் பெயர்.

இருகரை

மொழிபெயர்ப்புக்குப் பிடிமானம் கேட்டிருந்தீர்கள். உண்டு, பெரும்பாலும் ஏமாற்றாது.

வினைக்குப் பின்னால் "டு" அல்லது பழைய நடையில் "அன்டு" வந்தால் ஒட்டு. நேரடியாகச் செயப்படுபொருள் வந்தால் பிள. "த்ரூ" வந்தாலும் பிளக்கும் பக்கம்தான்: கப்பல் அலையைக் கிழித்துப் போவது, பறவை காற்றைக் கிழித்துப் போவது. செயப்பாட்டு வினையாக வந்தால் ஏறக்குறைய எப்போதும் பிளவு, ஏனென்றால் ஒட்டும் க்ளீவ் செயப்படுபொருள் குன்றிய வினை. "அவன் தாளை ஒட்டினான்" என்ற பொருளில் அதைப் பயன்படுத்த முடியாது. ஒன்று தானாகப் போய் ஒட்டிக்கொண்டால்தான் பொருந்தும். தமிழில் "ஒட்டு" இரண்டுக்கும் ஓடுவதால் இங்கே சறுக்குகிறவர்கள் அதிகம். பொதுவாக "ஒட்டிக்கொள்", "பற்றிக்கொள்" என்று "கொள்" சேர்த்தால் தமிழ் சரியாக உட்காரும்.

"டு"வில் ஒரு கண்ணி இருக்கிறது. "க்ளீவ்டு டு தி போன்" என்று வெட்டுக்காயத்தைப் பற்றி வந்தால் அது "எலும்புவரை பிளந்தது". இங்கே "டு" எல்லையைச் சொல்கிறது. கத்தி, கோடரி, வாள் ஏதாவது பக்கத்தில் தென்பட்டால் ஒருமுறை நின்று யோசியுங்கள்.

பயிற்சிக்கு 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தைப் பழைய தமிழ் விவிலியத்தோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆதியாகமம் 22:3இல் ஆபிரகாம் கட்டையைப் பிளக்கிறார், ஆங்கிலத்தில் "க்ளேவ்". ரூத் 1:14இல் ரூத் மாமியாரை விடாமல் பற்றிக்கொள்கிறாள். அங்கும் ஆங்கிலத்தில் "க்ளேவ்". ஒரே நூலில் ஒரே வடிவம் இரண்டு திசைக்கும் இழுபடுகிறது. முன்னதில் விறகு செயப்படுபொருள், பின்னதில் "அன்டு" இருக்கிறது. சங்கீதம் 137:6இல் நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொள்வதும் க்ளீவ்தான். ஆதியாகமம் 2:24இல் கணவன் மனைவியோடு "இசைந்திருப்பான்" என்று தமிழில் போட்டிருப்பது அழகு. "ஒட்டிக்கொள்வான்" என்று எழுதியிருந்தால் பொருள் சரி, ஓசை போயிருக்கும்.

பிழைதிருத்தி

"க்ளேவ்" வேறா! மூன்று வடிவத்துக்கே விழி பிதுங்குகிறது.

இருகரை

"க்ளேவ்" இன்று வழக்கில் இல்லை, படித்தால் புரிந்துகொண்டால் போதும். எழுதும்போது இப்படிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒட்டும் பொருளில் எல்லா இடத்திலும் க்ளீவ்டு. வேறு எதையும் போட வேண்டாம்.

பிளக்கும் பொருளில் அறிவியல், தொழில்நுட்ப எழுத்தில் க்ளீவ்டு மட்டும். கதை, கவிதை நடையில் இறந்தகாலத்துக்குக் க்ளோவ், க்ளெஃப்ட் இரண்டையும் பார்க்கலாம். பெயரடையாக உறைந்துபோனவற்றை மாற்றக் கூடாது: ஆட்டின் பிளந்த குளம்பு "க்ளோவன் ஹூஃப்", அண்ணப்பிளவு "க்ளெஃப்ட் பேலட்". இடம் மாற்றிப் போட்டால் ஆங்கிலக் காதுக்கு உடனே உறுத்தும். இரண்டு பக்கமும் நகர முடியாத நிலைக்கு "இன் எ க்ளெஃப்ட் ஸ்டிக்" என்பார்கள். தமிழில் "இருதலைக் கொள்ளி எறும்பு" கச்சிதமாகப் பொருந்தும். "பிளந்த குச்சியில்" என்று எழுதிவைக்காதீர்கள்.

கல்நோக்கி

இந்தச் சொல் ஒழுங்காக ஒரே பொருளில் வேலை செய்யும் இடம் ஒன்று இருக்கிறது: கனிமவியல். அங்கே "க்ளீவேஜ்" என்றால் படிகம் தன் அணு அடுக்கில் பிணைப்பு பலவீனமான தளத்தில் மட்டும் தட்டையாகப் பிளவது. எத்தனை திசை, திசைகளுக்கு இடையே என்ன கோணம் என்ற இரண்டு எண்களை வைத்தே பல கனிமங்களை அடையாளம் காணலாம்.

காக்காப்பொன்னுக்கு ஒரே திசை. அதனால்தான் ஏடு ஏடாக உரிகிறது. உப்புப் படிகத்துக்கு மூன்று திசை, 90 பாகையில். உடைத்தால் பெட்டி பெட்டியாக வரும். கால்சைட்டுக்கும் மூன்று திசைதான், ஆனால் ஏறக்குறைய 75, 105 பாகை, சாய்ந்த பெட்டிகள். ஃப்ளோரைட்டுக்கு நான்கு, ஸ்ஃபாலரைட்டுக்கு ஆறு. குவார்ட்ஸுக்குச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. உடைத்தால் சங்கின் உட்புறம் போல வளைந்த வரிகள் தெரியும். அது "ஃப்ராக்சர்", முறிவு. ஆம்ஃபிபோல், பைராக்ஸீன் இரண்டும் கறுப்பாக ஒன்றுபோல் இருக்கும்; முன்னது 56, 124 பாகை, பின்னது 90க்கு மிக அருகில்.

வழக்கமாக நடக்கும் தவறு, படிகம் வளரும்போது உண்டான முகத்தைப் பிளவுத்தளம் என்று நினைப்பது. கல்லை விளக்கடியில் மெதுவாகத் திருப்புங்கள். பிளவுத்தளமாக இருந்தால் படிக்கட்டுப் போலச் சின்னச் சின்னத் தட்டைகள் ஒரே கணத்தில் சேர்ந்து பளிச்சிடும். வளர்ந்த முகத்தில் அந்தப் படிகள் இருக்காது, மெல்லிய வரிகளோ பள்ளங்களோ இருக்கும். இன்னொரு தளம் வேண்டுமானால் ஓரத்தில் ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள்; பிளவு திரும்பத் திரும்ப அதே கோணத்தில் வரும், வளர்ந்த முகம் வராது.

வைரமும் இதில் சேர்த்தி. மோஸ் கடின அளவுகோலில் உச்சமான 10, ஆனால் நான்கு திசைகளில் சுத்தமாகப் பிளக்கும். அந்தக் காலத்து வைரம் பிளப்பவர் கல்லை ஒரு கோலின் நுனியில் ஒட்டுக்கலவையால் பதித்து, இன்னொரு வைரத்தின் கூர்முனையால் ஆங்கில வி வடிவில் காடி எடுத்து, அதில் தகட்டை வைத்துத் தட்டுவார். தகட்டின் விளிம்பு மொண்ணையாக இருக்க வேண்டும்! கூராக இருந்தால் காடியின் அடியில் போய் முட்டி அந்த இடத்தை நொறுக்கும். மொண்ணை விளிம்பு இரண்டு சுவரையும் ஆப்பு போல விலக்கும், பிளவு தானாக ஓடும். காடி பிளவுத்தளத்தோடு கோணம் தப்பினால் ஒரே தட்டில் கல் சிதறும். 1905இல் கிடைத்த 3,106 காரட் கல்லினன் வைரத்தை 1908இல் ஆம்ஸ்டர்டாமில் யோசப் ஆஷர் இப்படித்தான் பிளந்தார். அதிலிருந்து 9 பெரிய கற்களும் 96 சிறிய கற்களும் வந்தன.

கவனித்தீர்களா, கல்லைப் பிளக்க முதலில் அதைக் கோலில் ஒட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு க்ளீவும் ஒரே மேசையில்.

இழைமுனை

ஒளியிழை வேலையிலும் இதே சொல்தான். இழையை "வெட்டு" என்று யாரும் சொல்வதில்லை, "க்ளீவ் பண்ணு" என்றுதான் சொல்வார்கள். கருவிக்குப் பெயர் க்ளீவர். வெட்டினால் முனை நசுங்கிக் கரடுமுரடாகிவிடும் என்பதால் வெட்டவே கூடாது.

இரண்டு இழைகளின் முனைகளை உருக்கிப் பற்றவைத்து இணைப்பதற்காகத்தான் இதெல்லாம். முதலில் அந்த இணைப்பைக் காக்கும் சுருங்கு குழாயை இழையில் மாட்டிவிட வேண்டும். மறந்தால் பற்றவைத்த பிறகு மாட்ட வழி இல்லை, மறுபடி முதலிலிருந்து. பிறகு 250 மைக்ரோமீட்டர் மேல்பூச்சை 30–40 மில்லிமீட்டர் உரித்து, 125 மைக்ரோமீட்டர் கண்ணாடியை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பிசிறில்லாத தாளால் துடைக்க வேண்டும். துடைக்கும்போது "கிரீச்" என்று சத்தம் வந்தால் சுத்தம். அடுத்து க்ளீவரில் வைத்து மூடினால், தகடு இழையின் ஓரத்தில் ஒரு மெல்லிய கீறல் போடும். வளைப்பும் இழுப்பும் சேர்ந்து அந்தக் கீறலிலிருந்து பிளவை மறுபக்கம் ஓட விடும். சரியாக வந்தால் முனை கண்ணாடி போல இருக்கும், சாய்வு அரைப் பாகைக்குள் அடங்கும். ஒரு பாகையைத் தாண்டினால் பற்றவைப்புக் கருவி பெரும்பாலும் எச்சரிக்கை கொடுக்கும்.

இழுப்பு அதிகமானால் முனையின் கடைசிப் பகுதி சொரசொரப்பாகும். இழுப்புப் போதாவிட்டால் ஓரத்தில் உதடு போல ஒரு நீட்டல் நிற்கும். கீறல் ஆழமாகப் போனால் ஓரம் பெயரும்; தகட்டின் அந்த இடம் தேய்ந்துவிட்டால் பிளவே ஒழுங்காகத் தொடங்காது. அதற்காகத்தான் வட்டத் தகட்டில் பொதுவாக 16 நிலைகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று தேய்ந்தால் அடுத்ததற்குத் திருப்ப வேண்டும். க்ளீவ் ஆன முனையை மறுபடி துடைக்கக் கூடாது, எதிலும் படவிடக் கூடாது. உதிர்ந்த துண்டு கண்ணுக்கே தெரியாது, தோலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. மூடியுள்ள டப்பாவில் உடனே போட வேண்டும்.

கல்நோக்கி

> கண்ணாடியை க்ளீவ் பண்ணு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கண்ணாடிக்கு அணு அடுக்கு ஒழுங்கே கிடையாது, ஆகவே பிளவுத்தளமும் கிடையாது. நீங்கள் செய்வது கட்டுப்படுத்திய முறிவு. எங்கள் கணக்கில் அது க்ளீவேஜ் ஆகாது.

இழைமுனை

சரிதான், எங்கள் முனை தட்டையாக வருவது இழுப்பின் திசையால், படிக அடுக்கால் இல்லை. ஆனாலும் பெயரை மாற்ற மாட்டோம். மரத்துக்கும் படிகத்தளம் கிடையாது. நார் ஓடும் வழியே பிளப்பதற்குத்தான் இந்தச் சொல் ஆயிரம் ஆண்டுக்கு முன்பிருந்தே இருக்கிறது. கனிமவியல் பிறகு வந்து கடன் வாங்கியது.

வேர்க்கிழங்கு

இழைமுனை சொல்வது வரலாற்றின்படி சரி. "க்ளீவேஜ்" என்ற பெயர்ச்சொல்லே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனிமவியலுக்காக வந்தது. வினைதான் பழசு.

நுண்ணோக்கி

உயிரியலையும் சேர்த்துவிடுகிறேன், சுருக்கமாக. கருவியலில் க்ளீவேஜ் என்றால் கருமுட்டை பருக்காமலே 2, 4, 8 என்று செல்களாகப் பிரிவது. மொத்த அளவு மாறாது, ஒவ்வொரு செல்லும் சிறுத்துக்கொண்டே போகும். அதனால் இதை வெறும் "செல் பெருக்கம்" என்று மொழிபெயர்த்தால் முக்கியமானது தவறிவிடும். பாடநூல்களில் வரும் "பிளவிப்பெருகல்" பரவாயில்லை. வேதியியலில் பிணைப்பு அறுபடுவதும் க்ளீவேஜ்தான். ட்ரிப்சின் நொதி புரதச் சங்கிலியை லைசின் அல்லது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்கு அடுத்து அறுக்கும், அதற்கடுத்து ப்ரோலின் இருந்தால் பொதுவாக விட்டுவிடும். இங்கே "பிள" என்பதைவிட "அறு", "துண்டி" பொருந்தும்.

ஓரக்குறிப்பு

இப்படி எதிர்ப்பொருள் தாங்கும் சொற்கள் ஆங்கிலத்தில் நிறைய உண்டே. "சாங்க்ஷன்" என்றால் அனுமதி, தடை இரண்டும். "டஸ்ட்" என்றால் தூசி தட்டுவது, பொடி தூவுவது இரண்டும். அவையும் இப்படி மோதிக்கொண்ட சொற்கள்தானா?

வேர்க்கிழங்கு

இல்லை, அவை வேறு ரகம். "சாங்க்ஷன்" ஒரே சொல். ஆணை பிறப்பித்து உறுதிசெய்வது என்ற லத்தீன் பொருளிலிருந்து ஒரு கிளை ஒப்புதலுக்கும், ஆணையை மீறினால் வரும் தண்டனை வழியாக இன்னொரு கிளை தடைக்கும் போனது. "டஸ்ட்" தூசி என்ற பெயர்ச்சொல்லை அப்படியே வினையாக்கியது. போடுவதா எடுப்பதா என்பதைச் சூழல் பார்த்துக்கொள்ளும்.

க்ளீவ் மாதிரி மோதியது "லெட்". விடு என்பதற்கு ஒரு பழைய வினை, தடு என்பதற்கு ஒலியில் நெருங்கிய இன்னொரு வினை. இரண்டும் ஒரே வடிவமாயின. அதில் தடுக்கும் "லெட்" தோற்று ஒதுங்கிவிட்டது. டென்னிஸில் பந்து வலையை உரசிப் போனால் "லெட்" என்பது அதன் மிச்சம். பிரிட்டிஷ் கடவுச்சீட்டில் "வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்" என்று இருப்பதும் அதுவே. "தடங்கல் இல்லாமல்" என்று பொருள். "அனுமதி இல்லாமல்" என்று மொழிபெயர்த்தால் பயணியை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

நம் "அணை"யும் வெளிநாட்டு மாணவர்களை இப்படித்தான் திணறடிக்கிறது. விளக்கை அணைத்தாள், பிள்ளையை அணைத்தாள். வடிவத்தில் எந்த வேறுபாடும் இல்லை. செயப்படுபொருளைப் பார்த்துத்தான் முடிவு.

ஓர் அகராதி இரண்டையும் எப்படிப் பார்க்கிறது என்று தெரிய தலைச்சொல்லைப் பாருங்கள். சொல்லின் தோளில் சின்னதாக 1, 2 என்று எண் போட்டுத் தனித்தனிப் பதிவாக இருந்தால் வேறு வேறு சொற்கள். ஒரே பதிவுக்குள் வரிசையாக 1, 2, 3 என்று வந்தால் ஒரே சொல்லின் பொருள்கள். நல்ல ஆங்கில அகராதிகளில் க்ளீவுக்கு இரண்டு பதிவு இருக்கும், சாங்க்ஷனுக்கு வினையாக ஒன்றுதான். சின்ன இருமொழி அகராதிகள் இடம் மிச்சம்பிடிக்க இந்தத் தோள் எண்ணைத்தான் முதலில் கழற்றிவிடுகின்றன.

பிழைதிருத்தி

முதல் வரியைத் திருத்தியாயிற்று: "அவள் தன் நம்பிக்கையை விடாமல் பற்றி நின்றாள்." கோப்பு முழுவதும் தேடியதில் க்ளீவ் இன்னும் நான்கு இடத்தில் இருக்கிறது. மூன்றில் "டு" மட்டும்தான், சிக்கல் இல்லை. நான்காவதில் இரண்டு வடிவமும் சேர்ந்து வருகிறது: "தி வெட் ஷர்ட் க்ளீவ்டு டு ஹிஸ் பேக் ஆஸ் தி போட் க்ளோவ் தி வேவ்ஸ்."

இருகரை

ஆசிரியர் வேண்டுமென்றே விளையாடியிருக்கிறார். ஒட்டுவதற்குக் க்ளீவ்டு, பிளப்பதற்குக் க்ளோவ் என்று வடிவத்தைக்கூடப் பிரித்துவைத்திருக்கிறார். "படகு அலைகளைக் கிழித்துச் செல்ல, நனைந்த சட்டை அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டது." சொல் விளையாட்டு தமிழில் வராது, விட்டுவிடுங்கள், அடிக்குறிப்பெல்லாம் வேண்டாம்.